உலை கொதிக்கும்வரை

கருஞ்சோலை மடத்துக்கு வந்து சேர்ந்தபோது குற்றாலிங்கம் அண்ணாச்சிக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மடத்தின் குருவான வடிவம்மைக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. அவர் அம்மையைத் "தாயே" என்று கூப்பிட்டார். அம்மை அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் அதில் எந்தச் சங்கடமும் இல்லை.

அண்ணாச்சி தென்காசிப் பக்கம் கல்யாணச் சமையல் நடத்தியவர். ஆயிரம் இலைப் பந்தி என்றாலும் அசரமாட்டார். வேலையைக் கண்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் முடித்துவிட்டுத்தான் உட்காருவார். தொழிலை மகன் கையில் கொடுத்துவிட்டு, இனி மனம் அடங்கிக் கிடக்கலாம் என்று மலையேறி வந்தார்.

அம்மை அவரை அடுப்படிக்கு அனுப்பினார்.

"அமைதி தேடி வந்த ஆளை அடுப்படிக்கு அனுப்புதீங்களே தாயே?"

"அங்கேதான் ஆள் குறையுது, அண்ணாச்சி."

அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. அண்ணாச்சி கரண்டியை எடுத்துக்கொண்டார்.

மடத்துக்கு மேலே, மலை உச்சியில் ஒரு முருகன் கோயில். கீழே சரிவு முழுக்கத் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்ல, தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பிள்ளைமடுவம் என்பார்கள். உள்ளே வரிசையாகத் துணித்தொட்டில்கள் தொங்கும். ஆரோக்கியமேரி என்ற ஆயா அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்.

ஐப்பசி மழை ஓய்ந்து முதல் மூடுபனி இறங்கிய ஒரு காலையில், மேரி மூச்சு வாங்க மடத்துக்கு ஏறி வந்தார்.

"அம்மா, காத்து தகரத்துக்குள்ள பூந்து வருது. இருந்த கம்பளியை எல்லாம் எலி குதறிப் போட்டுடுச்சு. புள்ளைங்க தொட்டில்ல கிடந்து நடுங்குதுங்க. மடத்துல பழைய நூல்சேலை நிறையச் சேருமே. நாலு மடிப்பா அடுக்கி நெருக்கித் தைச்சா நல்ல கதகதப்பா இருக்கும். தைக்கலாம்னா எனக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது."

மடத்தில் தையல் எந்திரம் கிடையாது. எல்லாம் கையால்தான் தைக்க வேண்டும். தொட்டிலுக்கு ஒரு போர்வை.

"யார் தைக்கிறீங்க?" என்று அம்மை கேட்டார்.

ஒரு கேள்வி பதிலில்லாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அண்ணாச்சியால் ஆகாது.

"நான் தைக்கேன் தாயே."

அவரோடு அடுப்படியில் வேலை பார்க்கும் மரகதம் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

"எங்க அப்பா நெல்லு மண்டியிலே மூட்டை தைச்சவரு. கோணி ஊசி பிடிச்சு வளந்த கை இது. எவரும் கூப்பிடாம எனக்கு ஒரே ஒரு நாள், முழுசாக் கிடைச்சாப் போதும். அத்தனையையும் முடிச்சு அடுக்கிப்புடுதேன்."

"சரி, அண்ணாச்சி" என்றார் அம்மை.

சேலை மூட்டை அடுப்படிப் பரணுக்குப் போனது.

கார்த்திகை பிறந்தது. முருகன் கோயிலுக்குப் பக்தர்கள் நடந்து வரத் தொடங்கினார்கள்; வழியில் அவர்களுக்கு மடத்தில்தான் சாப்பாடு. தைப்பூசம் முடியும்வரை அப்படித்தான். விடிவதற்கு முன்பே காவடியும் பாட்டுமாக ஒரு கூட்டம் வந்து நிற்கும். அது சாப்பிட்டு எழுவதற்குள் அடுத்த கூட்டம் வளைவில் தெரியும். பனியில் நனைந்த விறகு புகையும். தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும். பொங்கல், சாம்பார், சுக்குக் காப்பி. மறுபடி பொங்கல், சாம்பார், சுக்குக் காப்பி.

அண்ணாச்சி பரணைப் பார்ப்பார். "நாளைக்குக் கூட்டம் குறையும்" என்று சொல்லிக்கொள்வார். மறுநாள் இன்னும் இரண்டு கூட்டம் வந்து நிற்கும்.

"மூட்டை அப்படியே இருக்கே, அண்ணாச்சி?" என்பார் மரகதம்.

"இருக்கட்டும். அது எங்கேயும் ஓடிராது."

"பனி வந்துடுச்சே."

"அதுக்கு நான் என்ன செய்ய? கை ஒழிஞ்சாத்தானே தைக்க முடியும்?"

மார்கழி தொடங்கிய வாரத்தில் அவருக்கே பொறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நேரே அம்மையிடம் போய் நின்றார்.

"தாயே, இந்தப் பனிக்காலத்திலே மூச்சு விடக்கூட நேரமில்லை. வேலைக்கு மேல வேலை. எப்படித்தான் தைக்கிறது?"

"எவ்வளவு நேரம் வேணும்?"

"முன்னமே சொன்னேனே. ஒரு முழு நாள்."

"நாளைக்கு எடுத்துக்குங்க. அடுப்படியை நான் பார்த்துக்கறேன்."

அண்ணாச்சி திகைத்துப் போனார். "நீங்க சமைப்பீங்களா தாயே?"

"சமைச்சுத்தான் பார்ப்போமே."

மறுநாள் காலை அண்ணாச்சி குளித்து, திருநீறு பூசி, முற்றத்தில் வெயில் விழும் இடமாகப் பார்த்துப் பாயை விரித்தார். மூட்டையைப் பிரித்தார். சேலைகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்கினார். அது சரியில்லை என்று பட்டது. கனமானது, மெலிந்தது என்று மாற்றி அடுக்கினார். ஊசியைத் தீட்டினார். தலையணை உறையளவு துணி ஒன்றை வெட்டி அளவு பார்த்தார். நிமிர்ந்தபோது வெயில் பாயை விட்டு நகர்ந்து போயிருந்தது. பாயை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடிக்கடி நூல் கோக்க வேண்டாமே என்று இரண்டு கையும் விரித்த நீளத்துக்கு நூலை எடுத்தார். அது முடிச்சு முடிச்சாகச் சிக்கியது. சிக்கை எடுத்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து பெருங்காயம் தீய்கிற வாசனை வந்தது.

அண்ணாச்சி துள்ளி எழுந்தார். அடுப்படி வாசலில் அம்மை நின்றிருந்தார். மூக்கு நுனியில் கரி.

"தாயே, தாளிப்பு..."

"இன்னைக்கு உங்க நாள், அண்ணாச்சி."

திரும்பி வந்து உட்கார்ந்தார். கை தைத்தது, மூக்கு அடுப்படியில் இருந்தது. பொங்கல் அடிபிடிக்கும் வாசனை வந்தபோது ஊசி விரலில் ஏறியது. போன நேரத்தைப் பிடிக்க வேகமாகத் தைத்தார். நெல் மூட்டை பிரியாமல் இருக்க அப்பா சொல்லித் தந்தபடி, ஒவ்வொரு தையலையும் இழுத்து இறுக்கினார். மதியம் கழுத்து பிடித்துக்கொண்டது. அப்புறமும் விடவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரே ஒரு போர்வை முடிந்திருந்தது. தூக்கிப் பிடித்தார். அது சுட்ட அப்பளம்போல நாலு பக்கமும் சுருண்டு நின்றது.

மரகதம் வந்து தொட்டுப் பார்த்தார். "இதுல புள்ளையைப் போர்த்த முடியாது, அண்ணாச்சி. வேணும்னா ரவை கொட்டிக் கட்டி வைக்கலாம்."

அன்றைக்குப் பந்தியில் உப்பில்லாத சாம்பாரைச் சாப்பிட்ட ஒரு பக்தர், "வழக்கமா சமைக்கிற பெரியவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாக விசாரித்தார். அந்த நாளில் அண்ணாச்சிக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

அவர் போர்வையைக் கொண்டுபோய் அம்மையின் முன்னால் வைத்தார்.

"நாளைக் குடுத்தீங்க தாயே. நாளும் போச்சு, துணியும் போச்சு. எனக்கு வராது. வேற ஆளைப் பாருங்க."

அம்மை கத்தரியை எடுத்தார். ஒரு வரிசையின் முடிச்சை நறுக்கி, நூலை மெதுவாக உருவினார். பிறகு அடுத்த வரிசை. அதற்கடுத்தது. சுருங்கிக் கிடந்த துணி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து பாயில் படுத்தது. அண்ணாச்சி தன் ஒரு நாள் அவிழ்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மை நூலையெல்லாம் ஒரு குச்சியில் சுற்றி அவரிடம் நீட்டினார்.

"நூல் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அடுத்த நாள் விடியற்காலம் அண்ணாச்சி அடுப்படிக்கு வந்தபோது, அம்மை அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் உலை ஏற்றியிருந்தது. மடியில் அதே துணி. நாலு மடிப்பையும் ஓரத்தில் ஊசி குத்திப் பிடித்திருந்தார். ஒரு முழத்துக்கும் குறைவான நூல். கையில் அவசரமே இல்லை.

"தாயே, இந்நேரத்தில ஏன் நீங்க..."

"உலை கொதிக்கலையே, அண்ணாச்சி."

"அதுக்குள்ளே என்ன தைச்சிர முடியும்? ஒரு சாண்கூட ஆகாதே."

"ஆகாது" என்று அம்மை ஒப்புக்கொண்டார். தைத்துக்கொண்டே இருந்தார்.

உலை தளதளவென்று கொதித்தது. அம்மை ஊசியைத் துணியில் குத்தி, துணியை முக்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அண்ணாச்சி அரிசியைப் போட்டார். மூடினார். சும்மா நின்றார். வழக்கமாக இந்த நேரத்தில் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார், விறகைத் தள்ளுவார், புகையைத் திட்டுவார். இன்று முக்காலி காலில் இடித்தது. துணியை எடுத்தார். அம்மை விட்ட இடத்திலிருந்து ஒரு தையல் போட்டுப் பார்த்தார். பழக்கதோஷத்தில் இறுக்கினார். துணி உடனே சுருங்கிக் காட்டியது. தளர்த்தினார். இன்னொன்று போட்டார்.

சாதம் பொங்கியது. ஊசியைக் குத்திவிட்டு எழுந்தார்.

சாம்பாருக்குப் பருப்பு வேக வேண்டியிருந்தது. மறுபடி உட்கார்ந்தார். சுக்குத் தண்ணீர் சுண்ட வேண்டியிருந்தது. மறுபடி உட்கார்ந்தார்.

அன்றைய தையலை விரித்துப் பார்த்தபோது அவருக்குச் சிரிப்புதான் வந்தது. "மரகதம், இங்கே பாரு. எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. இந்தக் கணக்கில போனா, அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணத்துக்குத்தான் போர்வை கிடைக்கும்."

"அதுக்கும் சமையல் நீங்கதான்" என்றார் மரகதம்.

ஆனால் அடுத்த நாளும் உலை கொதிக்க வேண்டித்தான் இருந்தது. அதற்கடுத்த நாளும் பருப்பு வேக வேண்டித்தான் இருந்தது. சில நாள் கூட்டம் அலைமோதும். அன்றைக்கு விரல் நீளத்துக்குத் தையல் விழும். சில நாள் அதுவும் விழாது. அப்போதும் அண்ணாச்சி துணியை எடுத்து மடியில் வைத்து, விட்ட இடத்தை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு எழுந்திருப்பார்.

ஒரு நாள் அவர் ஊசியைக் கோக்கும்போது முதல் போர்வையின் கடைசி ஓரம் வந்துவிட்டிருந்தது. அவர் அதை எதிர்பார்க்கவே இல்லை. போர்வையை உதறிப் போட்டார். அது தண்ணீர்போலப் பரந்து படுத்தது.

"ஏ மரகதம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பந்தியில் இருந்தவர்கள் அடுப்படியில் தீப்பிடித்துவிட்டதென்று எழுந்தார்கள்.

"இன்னொண்ணும் சொல்லட்டுமா?" என்றார் மரகதம். "இப்பல்லாம் உங்க பொங்கல் நல்லா வருது. முந்தி வெந்துச்சா வெந்துச்சான்னு கிண்டியே களியாக்கிடுவீங்க."

வரிசையில் நிற்கும் பக்தர்கள் அடுப்படி வாசல் வழியே அவரைப் பார்ப்பார்கள். ஒரு நாள், உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் கண்ட ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அது யாருக்குங்க ஐயா?"

"கீழே தோட்டத்துப் பிள்ளைகளுக்கும்மா."

"நான் ஒரு வரி தைக்கட்டுமா? சும்மா உக்காந்தா வலிதான் தெரியுது."

அண்ணாச்சி கொடுத்தார். அவள் தைத்துக்கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, நொண்டிக்கொண்டே மலையேறிப் போனாள். அவள் போன பிறகு பார்த்தால் அந்த வரி பாம்பு நெளிந்ததுபோல் போயிருந்தது. அண்ணாச்சிக்கு மனது கேட்கவில்லை. இப்போது அவருக்குக் கை படிந்துவிட்டிருந்தது. தன் வரிகள் கோடு போட்டதுபோல் வரும் பெருமையும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. பிரித்துவிட்டுத் திருத்தித் தைக்கலாம் என்று கத்தரியை எடுத்தார்.

அம்மை அந்தப் பக்கமாக வந்தார்.

"என்ன அறுக்கறீங்க, அண்ணாச்சி?"

"கோணலாப் போயிருக்கு தாயே. காலு புண்ணான ஒரு பிள்ளை தைச்சுட்டுப் போச்சு."

அம்மை அந்த வரியை விரலால் நெடுகத் தொட்டுப் பார்த்தார். "இதுல குளிர் உள்ளே வருமா?"

அண்ணாச்சி யோசித்தார். "வராது."

"கத்தரி துருப்பிடிச்சிருக்கு. எண்ணெய் போட்டு வைங்க."

மார்கழி கடைசியில் உறைபனி விழுந்தது. காலையில் தேயிலைச் செடிகளின் மேல் உப்பைத் தூவியதுபோல் வெள்ளையாகக் கிடந்தது. அன்று மேரி மடத்துக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"நம்ம மடுவத்துல தங்கேஸ்வரி புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிடுச்சு, அம்மா. மூச்சு இழுக்குது. தோட்டத்து ஜீப்புல கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. மத்த புள்ளைங்களும் இருமுதுங்க. ஏதாவது துணி இருந்தாலும் குடுங்க."

அண்ணாச்சியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

அம்மை அவரிடம் திரும்பினார். "எத்தனை முடிஞ்சிருக்கு?"

"மூணு முடிஞ்சிருக்கு தாயே. நாலாவது பாதியில நிக்குது." அவர் குரல் இறங்கிப் போயிற்று. "எல்லாத்தையும் முடிச்சு, தைப்பொங்கலன்னைக்கு ஒண்ணா அடுக்கிக் கொண்டுபோய்க் குடுக்கலாம்னு பரணில வச்சிருந்தேன்."

அம்மை பரணை நிமிர்ந்து பார்த்தார். அண்ணாச்சி ஏறி மூன்று போர்வைகளையும் எடுத்துவந்து மேரியின் கையில் வைத்தார்.

அம்மை முக்காலியில் கிடந்த நாலாவதையும் எடுத்தார். ஊசியை உருவிவிட்டு அதையும் மடித்துக் கொடுத்தார்.

"தாயே, அது பாதிதான் தைச்சிருக்கு!"

"பாதிக் குளிராவது போகட்டும், அண்ணாச்சி."

மேரி போர்வைகளை மார்போடு அணைத்துக்கொண்டு, சறுக்கும் பாதையில் வேகமாக இறங்கிப் போனார்.

அன்றும் அண்ணாச்சி பந்தியில் கேட்டவர்களுக்குப் பரிமாறினார். உலை கொதிக்கும்போது முக்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுக் கழித்து எழுந்துபோய்ப் புதிதாக நாலு சேலையை எடுத்து அடுக்கினார்.

மதியப் பந்தி ஓய்ந்து, மாலைக் கூட்டம் வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த நேரத்தில் அவர் ஊசியும் நூலுமாகத் தோட்டத்துக்கு இறங்கினார்.

மடுவத்தில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. பாதி தைத்த போர்வை வாசலோரத் தொட்டிலில் இருந்தது. தைத்த பாதியில் ஒரு குழந்தை சுருண்டு படுத்திருந்தது. தைக்காத பாதி தொட்டிலுக்கு வெளியே தொங்கியது.

"எடுக்கட்டுமா?" என்று மேரி கிசுகிசுத்தார்.

"வேண்டாம். முழிச்சிரும்."

அண்ணாச்சி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொங்கும் முனையை மடியில் இழுத்துக்கொண்டு தைக்கத் தொடங்கினார். குழந்தை மூச்சுவிடும்போது துணி மெல்ல ஏறி இறங்கியது. அதற்கேற்ப ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்தார். மலையேறிப் போய் மாலைச் சமையலைப் பார்த்தார். மறுநாள் மதியம் மறுபடி இறங்கி வந்தார்.

அதன் பிறகு எந்தப் போர்வையும் பரணுக்கு ஏறவில்லை. ஒன்று முடிந்தால் அன்றே கீழே போனது.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் தங்கேஸ்வரி மடத்துக்கு ஓடி வந்தாள். இடுப்பில் பிள்ளை. முகம் இளைத்திருந்தாலும் கண் துறுதுறுவென்று இருந்தது. அண்ணாச்சி வாங்கிக் கொஞ்சப் போனார். அது அவர் மீசையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது.

"ஆஸ்பத்திரியில நல்லாக் கவனிச்சாங்க, சாமி. திரும்பி வந்தன்னைக்கே மேரியக்கா உங்க போர்வையைக் குடுத்துச்சு. இப்ப அது இல்லாம தூங்கவே மாட்டேங்கிறான்."

"விடுறானா பாரு!" என்று அண்ணாச்சி வலியில் கத்தினார். கண்ணில் தண்ணீர் வந்தது. மீசை வலிதான் என்று மரகதத்திடம் சொல்லிக்கொண்டார்.

தைப்பூசக் கூட்டம் வந்தது, மலையை நிறைத்தது, வடிந்தது. மாசி வெயில் சரிவில் ஏறியது. அடுப்படியில் நாலில் ஒரு அடுப்பு மட்டும் எரிந்தது. ஒரு பிற்பகலில் அண்ணாச்சி கடைசிப் போர்வையின் கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடித்தார்.

போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மையிடம் போனார். முகம் கல்யாணப் பந்தி முடித்த நாளில்போல மலர்ந்திருந்தது.

"முடிஞ்சிட்டு தாயே! தொட்டிலுக்கு ஒண்ணு. ஒரு தொட்டில் பாக்கியில்லை. வாங்க, நீங்களே வந்து போர்த்துங்க."

அம்மை செருப்பை மாட்டிக்கொண்டார். இருவரும் தேயிலைப் பாத்தி வழியே இறங்கினார்கள். அண்ணாச்சி வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். எந்தப் போர்வையில் எந்த ஊர்ச் சேலை, எந்த வரியை யார் தைத்தது, எந்த உலை கொதிக்க நேரமானதால் எந்த ஓரம் நன்றாக வந்தது என்று எல்லாம் சொன்னார். அம்மை கேட்டுக்கொண்டே நடந்தார்.

மடுவத்தில் மேரி பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கடைசித் தொட்டில்வரை போய், போர்வையை விரித்து அம்மையின் கையில் கொடுத்தார். அம்மை குனிந்து குழந்தையைப் போர்த்தினார். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு வரிசையை ஒருமுறை திருப்தியாகப் பார்த்தார். நீலம், காவி, பச்சைக் கட்டம், வாடாமல்லி. எல்லாத் தொட்டிலிலும் அவர் போர்வை.

பிறகு அவர் முகம் மாறியது.

ஜன்னலோரம் நேற்றுவரை காலியாக இருந்த மூங்கில் கழியில் ஒரு புதுத் தொட்டில் தொங்கியது. உள்ளே, ஒரு பழைய துண்டில் சுற்றி, உள்ளங்கை அகல முகத்தோடு ஒரு சிசு கிடந்தது.

"இது எப்போ வந்துச்சு?" என்றார் அண்ணாச்சி.

"கொழுந்து பறிக்கிற ராசாத்தியோட பொண்ணு, அண்ணாச்சி. அவ மாமியாருக்கு இன்னைக்குக் கீழே போக வேண்டிய வேலை. ராசாத்தி பெத்த உடம்போட இன்னும் எழுந்து நடமாடல. பொழுது சாயற வரைக்கும் நான் பார்த்துக்கிறேன்னு தூக்கிட்டு வந்துட்டேன்" என்றார் மேரி. "சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க சந்தோசமா வந்தீங்க..."

அண்ணாச்சி தொட்டிலைப் பார்த்தார். தன் வெறுந்தோளைப் பார்த்தார். அம்மையைப் பார்த்தார்.

"தாயே, இதுக்கு ஒரு முடிவே கிடையாதா?"

அம்மை தொட்டிலுக்குள் குனிந்து, துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தை உள்ளே தள்ளி மூடினார்.

"இப்பதானே பொறந்திருக்கா, அண்ணாச்சி" என்றார்.